திறந்த மாதிரி நடிக்கும் பூட்டு

பூட்டிய பிறகு பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பீர்கள்தானே? வாழவந்தியில் காபித் தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு மலையிறங்குகிறவர் நாலு தரம் இழுப்பார். இழுத்தால் வளையத்தின் பலம் தெரியும். உள்ளே இருக்கும் சூட்சுமம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே, சொந்தப் பூட்டைச் சாவியில்லாமல் திறந்து பழகும் ஒரு கோஷ்டி உலகம் முழுக்க இருக்கிறது.

இதில் ஆசை வர, நோபல் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மனின் ‘ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபைன்மன்’ (1985) படியுங்கள். யுத்த காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டு ரகசியங்கள் இருந்த அலமாரிகளை மனிதர் விளையாட்டாகத் திறந்திருக்கிறார். ஒரு சகாவின் ரகசிய எண் 27-18-28. கணக்குப் படித்தவர்களுக்குப் புரியும், 2.71828! ஐந்தில் ஒரு பெட்டகத்தில் கம்பெனி வைத்த எண்ணையே மாற்றவில்லையாம்.

சிரித்து முடித்ததும் எனக்கு இரண்டு குறைகள் பட்டன.

ஒன்று, சாதாரணச் சாவிப் பூட்டை அவசரமாகக் கடந்துவிடுகிறார். நிஜமான சவால் அங்கேதான். நல்ல பூட்டுகளில் உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்த பின்கள் இருக்கும். நெம்பினால் சிலிண்டர் லேசாகத் திரும்பும். ‘ஆச்சு, திறந்தாச்சு’ என்று குதிப்பீர்கள். திறந்திருக்காது. கை அழுத்தத்தைத் தளர்த்தி, சிலிண்டரைக் கொஞ்சம் பின்னால் போகவிட்டால்தான் வழி பிறக்கும். அதற்குள் ஏற்கெனவே நிறுத்திய பின்கள் விழலாம், மறுபடி முதலிலிருந்து. 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம திண்டுக்கல் பூட்டில் கதையே வேறு. லீவர்கள். ஒவ்வொன்றும் அதனதன் உயரத்துக்கு எழும்பணும். குறைந்தாலும் கூடினாலும் நகராது. முரட்டுக்கை இரண்டிலும் தோற்கும்.

இரண்டாவது குறை பெரிது. சகாக்களின் பெட்டகத்தைச் சீக்கிரமே திறந்துவிட்டு, கஷ்டப்பட்டதாகக் காட்ட உள்ளேயே உட்கார்ந்து பத்திரிகை படித்திருக்கிறார்! பின்னால், பெட்டகத்தைத் திறந்தபடி விட்டால் எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கர்னலிடம் ஒழுங்காகவே எச்சரித்தார். கர்னல் என்ன செய்தார்? ஃபைன்மன் வந்துபோன அறைக்காரர்கள் எல்லாம் எண்ணை மாற்றுங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். ஃபைன்மன் இதைக் கர்னலின் அசட்டுத்தனமாகச் சொல்கிறார். வித்தைக்காரராகவே வலம் வந்தால் ஆளைத்தான் பார்ப்பார்கள், ஓட்டையைப் பார்க்க மாட்டார்கள். இதில் பாதிப் பழி அவருக்கும் உண்டு.

ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் இதை வேறு மாதிரி செய்தார். 1851ல் லண்டனில், 200 கினி பந்தயம் வைத்திருந்த பிராமா பூட்டை 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். நடுவர்களை வைத்து, பகிரங்கமாக. 1853ல் பூட்டுகளின் குறைகளைப் புத்தகமாகவே போட்டார். திருடனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாதது சொந்தக்காரனுக்குத்தான் என்பது அவர் கட்சி. ஃபைன்மனைச் சிரிக்கப் படியுங்கள், நம்ப ஹாப்ஸ்.

கர்னலின் வாரிசுகள் நம்மூரிலும் உண்டு. ‘சார், உங்க பூட்டு சரியில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்பார்கள்.