சந்நிதியில் கழற்றும் சட்டை

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் குருவாயூரிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடுதான் உள்ளே போக முடியும். திருச்செந்தூரிலும் மேலாடை களைந்தே சந்நிதிக்குப் போகிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் சிவகிரி மடத் தலைவர் சுவாமி சச்சிதானந்தா இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றார். மார்பில் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த ஏற்பாடு இது என்பது அவர் வாதம். கேரள முதல்வர் பினராயி விஜயன் அதை ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டி எதிர்த்தது. பிறகு பேச்சு முழுவதும் கட்சி அரசியலாகிவிட்டது. சட்டையைக் கழற்றுவதால் கும்பிடுகிறவனுக்குள் ஏதாவது நடக்கிறதா என்ற கேள்வியை யாரும் நின்று கேட்கவில்லை. நடக்கக்கூடும் என்பதே என் எண்ணம். ஆனால் எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பதை அந்த ஆடை இருக்கும் சமூகம்தான் தீர்மானிக்கிறது.

வழக்கத்தின் பலத்தை முதலில் பார்ப்போம். ஊசி படாத துணி தூய்மையானது என்ற எண்ணம் நம் பூசை மரபில் ஆழமாக இருக்கிறது. கருவறைக்குள் நிற்கும் அர்ச்சகர் தைத்த உடை உடுத்துவதில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டுவது, எதிரில் இருப்பவர் ஆண்டவர், நான் அடிமை என்று உடம்பால் சொல்வது. இதற்கு நல்ல சான்று திருமலையில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடு கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளில் அவருக்கு மேலாடை கிடையாது. விஜயநகர அரசவையிலோ முழுக்கை நீள அங்கிதான் மரியாதையான உடை. துருக்க அரசுகளோடு கொண்ட உறவில் வந்து நிலைத்த வழக்கம் அது. உலகத்தின் முன்னால் அங்கி, சாமி முன்னால் வெற்று மார்பு. அரசனே தன் அதிகாரத்தின் சீருடையைக் கழற்றிவைக்கிறான் என்றால் அந்தச் செயலுக்கு ஆன்மிகப் பொருள் உண்டு என்பதை மறுக்க முடியாது. (நகைகளையும் நெடிய தொப்பியையும் மட்டும் அவர் விடவில்லை. அரசர்களின் பணிவுக்கு அவ்வளவுதான் எல்லை போலும்.)

ஆக, கோயில் உடையை எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கிறது: வெளியே ஒருவனுக்கு இருக்கும் அந்தஸ்தை அது வாசலில் இறக்கி வைக்கிறதா, இல்லையா? இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது சிக்கல் தொடங்குகிறது. கிருஷ்ணதேவராயருக்கு அந்தஸ்து அங்கியில் இருந்தது, கழற்றினால் போய்விடும். சாதிச் சமூகத்தில் அந்தஸ்தின் அடையாளம் சட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. சட்டை போட்ட பத்துப் பேர் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். கழற்றிய பிறகுதான் யார் பூணூல் போட்டவர், யார் போடாதவர் என்று தெரியும். எல்லோரும் இறைவன் முன் ஒன்று என்று சொல்ல வந்த ஆடைமுறை, வரிசையில் நிற்பவர்களை மறுபடியும் பிரித்துக் காட்டுகிறது. இந்த விதி வேவு பார்க்கத்தான் பிறந்தது என்று நிறுவ வேண்டிய அவசியம்கூட இல்லை. தையல் வேலை பரவுவதற்கு முன்பு வெற்று மார்பு பொதுவான கோலமாகவே இருந்தது. எதற்காகத் தொடங்கினாலும் இன்று என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. இடுப்பில் கட்டிய துண்டுக்கும் இதே கதைதான். பண்ணையார் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் நின்றவனும் துண்டை இடுப்பில்தான் கட்டினான். சுயமரியாதை இயக்கக் காலத்தில் நாகசுரக் கலைஞர் தோளில் துண்டு போட்டுக்கொள்வதே ஊர்வலத்தில் தகராறானது. கடவுளுக்குக் காட்டும் பணிவும் பண்ணையாருக்குக் காட்டும் பணிவும் ஒரே கோலத்தில் இருந்தால், அதில் பக்தி எவ்வளவு, பழக்கமான பயம் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

பக்தி மரபுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு, அது லேசான பதிலும் அல்ல. ஆண்டவன் ஒருவனுக்கே அடிமை என்று வந்துவிட்டவன் வேறெந்த மனிதனுக்கும் அடிமையல்ல. ஆகவே சந்நிதிப் பணிவு விடுதலையின் தொடக்கம். கருத்தாக இது அழகானது. வரலாறு அதற்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டமே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம் என்பது சாதி வாரியாக வகுக்கப்பட்டிருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. ஆண்கள் தலைப்பாகை கட்டவும் தடை இருந்தது. அந்த மண்ணில்தான் அய்யா வைகுண்டர் (1809–1851) தம் வழி வருபவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அவர் வழியினரின் தலமான சாமிதோப்பில் இன்றும் ஆண்கள் மேலாடை களைந்து, தலையில் துணி சுற்றித்தான் உள்ளே போகிறார்கள். அங்கே சிலைக்குப் பதிலாக எதிரில் இருப்பது கண்ணாடி. மேல்சாதிக்காரன் தெய்வத்தின் முன் கழற்ற வேண்டியதைக் கழற்றினான். தலை குனிந்தே பழகியவனுக்கோ, கட்ட வேண்டியதைக் கட்டுவதுதான் ஆன்மிகம் என்று வைகுண்டர் கண்டார். கோயில் உடையைப் பற்றி இவ்வளவு கூர்மையான விமரிசனம் எந்தக் கட்டுரையிலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று சொல்லப்படுகிறது. 1936-இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகு எல்லாச் சாதியாரும் அதே வாசலில், அதே வேட்டியில், அதே வெற்று மார்போடு நுழைகிறார்கள். பழைய இழிவை இன்றைய விதியின் மேல் ஏற்றுவானேன் என்கிறார்கள். பாதி நியாயம்தான். விதி சமமாகிவிட்டது, உடம்புகள் சமமாகவில்லை. மார்பில் அறுவைத் தழும்பு உள்ளவரும் தோல் நோய் உள்ளவரும் பொது வரிசையில் சட்டையைக் கழற்றும்போது, சாமியை மறந்து பக்கத்து ஆளின் பார்வையை நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஹஜ் யாத்திரையின் இஹ்ராமை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளில் ஒன்று இடுப்புக்கு, இன்னொன்று தோளுக்கு. அரசனுக்கும் கூலிக்காரனுக்கும் அதுதான் உடை. இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணியை நினைவூட்டும் உடையும்கூட. பிறப்பைக் காட்டும் எந்தக் குறியும் அதில் வெளியே தெரிவதில்லை. அங்கேயும் பணத்துக்கேற்ற கூடாரம் உண்டு என்பது வேறு விஷயம். ஆனால் ஆடை என்ற அளவில், தான் சொல்ல வந்ததை இஹ்ராம் சொல்லிவிடுகிறது. தைக்காத துணியின் தூய்மைதான் நம் விதியின் உயிர் என்றால், தோளை மூடும் ஓர் அங்கவஸ்திரம் அதற்குப் போதுமே.

வெற்று மார்பின் வழியாகத் தெய்வ சக்தி உடலுக்குள் இறங்குகிறது என்று இப்போது ஒரு விளக்கம் பரவுகிறது. அப்படியானால் பெண்களுக்கு அந்தச் சக்தி புடவையைத் தாண்டி வந்துவிடுகிறதா? துணியைத் தாண்ட முடியும் என்றால் சட்டையும் துணிதானே. அறிவியல் வேடம் போட்ட இந்த விளக்கத்தால், பணிவு என்ற பழைய நேர்மையான காரணமும் கெட்டுப்போகிறது.

அப்படியானால் அரசோ நீதிமன்றமோ உடையை வகுத்துவிடலாமா? தமிழ்நாட்டில் அதையும் பார்த்தாயிற்று. 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் ஆண்கள் வேட்டி அல்லது பைஜாமாவோடு மேல்துண்டு, இல்லையென்றால் முறையான பேன்ட் சட்டை அணிய வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் வெற்று மார்பு மரியாதை, மதுரையில் சட்டை மரியாதை என்றால் எதைத் தெய்வத்தின் விருப்பம் என்று எடுத்துக்கொள்வது? இதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2014-இல், வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் உடனே வேட்டிக்குக் காவலாக ஒரு சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். கிளப்புக்கு அது சரி, கோயிலுக்குச் சரிவராது. சட்டத்துக்குப் பயந்து சட்டையைக் கழற்றுவதும் பக்தியில்லை, போட்டுக்கொள்வதும் பக்தியில்லை. சச்சிதானந்தாவின் அழைப்பு எனக்குச் சரியாகப் படுவதற்கு அதுவே காரணம்: ஒரு துறவி மரபுக்குள்ளிருந்து கோயில்களைப் பார்த்துச் சொன்னது அது. கருவறைக்குள் நிற்கும் அர்ச்சகரின் தைக்காத ஆடை அவர் ஏற்றுக்கொண்ட தீட்சையைச் சேர்ந்தது. அது அப்படியே இருக்கட்டும். வரிசையில் நிற்பவர்கள் எந்தத் தீட்சையும் எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். துண்டை இடுப்பில் கட்ட விரும்புகிறவர் கட்டட்டும். சட்டையோடு வருகிறவரை வாசற்காவலர் தடுக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்தைக் கோயில்களை நிர்வகிக்கும் தேவஸ்வங்களும் பூசைமுறையை வகுக்கும் தந்திரிமார்களும் கூடிப் பேசியே செய்துவிடலாம்.