பரம்பரை நோயும் நம் எழுத்தாளர்களும்

மலையகத்தைப் பற்றிய நம் கதைகளில் பரம்பரைச் சொத்து என்று எதுவும் வருவதில்லை. பரம்பரைத் துன்பமே வருகிறது. லயத்துக் காம்பிராவும், கொழுந்துக் கூடையும், தீராக் கடனும் தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்கின்றன. 1935இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ முதலாக இந்த உண்மையை நம் எழுத்தாளர்கள் பலர் திறம்படச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரத்தத்தோடு வருகிற பரம்பரையும் ஒன்று உண்டு. அதைத் தாங்கி நிற்கும் ஒரு கணவனும் மனைவியும், ‘நமக்குப் பிள்ளை வேண்டுமா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அந்த இரவை, நாம் படித்த அளவில், எந்தக் கதையிலும் காணவில்லை. இந்தக் குறை கேவலம் கதைப்பொருள் பற்றிய குறையன்று என்பதே நம் கருத்து.

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இது அபூர்வமான நோயன்று. குருநாகலில் இதற்கென்றே தேசிய நிலையம் இயங்குகிறது. ஊவா மாகாணத்திலும் நோயாளிகள் உண்டு. தாயும் தந்தையும் ஆளுக்கொரு குறையுள்ள மரபணுவைச் சுமப்பவராக இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் சாத்தியம் நான்கில் ஒன்று. சுமப்பவர்களோ சாதாரணமாக உழைத்து உண்டு வாழ்பவர்கள். தம்மிடம் அது இருப்பதை அவர்கள் அறிவதேயில்லை. நோயுற்ற குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடாமல் வெளியேற்ற வேறு மருந்தும் வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் ஆண்டுக்குப் பதின்மூன்று முதல் பதினேழு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் தாய்க்கு, அத்தனை நாளும் ‘பேர்’ விழுவதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த தோட்டங்களில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, இத்துன்பத்தைப் பற்றி வழங்கும் மூன்று விதமான பேச்சுகளைப் பரிசீலிப்போம்.

முதலாவது, விதி. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும்’ என்று ஆறுதல் கூறுகிறார்கள் பெரியவர்கள். நான்கில் ஒன்று என்பது வரிசை முறையன்று. ஒவ்வொரு கருவுக்கும் சீட்டுப் புதிதாகவே குலுக்கப்படுகிறது. மற்றொரு சாரார், மாமன் மகளைக் கட்டியதனால் வந்த வினை என்கிறார்கள். உறவுத் திருமணம் நோயைச் சிருஷ்டிப்பதில்லை; ஒரே பாட்டனிடமிருந்து ஒரே குறை இரு பக்கமும் வந்திருக்கக்கூடிய வாய்ப்பையே அது கூட்டுகிறது. வினை என்று சொல்லிவிட்டால் விசாரணை நின்றுவிடுகிறது. பழியோ பெரும்பாலும் மருமகளின் தலையிலேயே விழுகிறது.

இரண்டாவது, பாவம். இதை உலக இலக்கியமே நமக்குக் கற்றுக்கொடுத்தது. 1881இல் இப்ஸன் எழுதிய ‘ஆவிகள்’ நாடகத்தில் தந்தையின் ஒழுக்கக்கேடு மகனின் உடலில் நோயாக வந்து நிற்கிறது. போலி மரியாதையைக் கிழித்தெறிந்த அந்நாடகத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்த மாதிரியை மரபணு நோய்க்கும் பொருத்துவது அநீதி. இங்கே எவரும் பாவம் செய்யவில்லை. மலேரியா மிகுந்த நாடுகளில் இம்மரபணுவைச் சுமந்தவர்கள் அந்நோய்க்கு ஈடுகொடுத்து வாழ்ந்ததனாலேயே அது நிலைத்திருக்க வேண்டும் என்று 1949இல் ஹால்டேன் கருதினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. இது குற்றத்தின் தழும்பன்று, பிழைத்திருத்தலின் தழும்பு. கம்யூனிஸ்டாக விளங்கியவரும், 1957இல் இந்தியாவுக்கு வந்து 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவருமான அதே ஹால்டேன்தான், பரம்பரையின் பெயரால் ஏழைகளை மலடாக்கும் அரசியலை 1938இலேயே நூலெழுதிக் கண்டித்தார்.

மூன்றாவது, செலவு. இலங்கையின் தலசீமியா நோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்படுவர், அவர்களுக்கான சிகிச்சை சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதிலிருந்து பிறந்த அறிவுரை, சுமப்பவர் சுமப்பவரை மணக்கலாகாது என்பது. இரத்தத்தைச் சோதியுங்கள் என்பதை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் ஏற்கனவே மணம் முடித்தவர்களுக்கு இந்த அறிவுரை என்ன சொல்கிறது? கருவிலேயே நோயைக் கண்டறிய விஞ்ஞானத்துக்கு வழி தெரியும். கண்டறிந்த பின் என்ன செய்வது? தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைக்கலாகாது என்கிறது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். அதைத் தளர்த்த 2017இல் எழுந்த யோசனையும் நிறைவேறவில்லை. சைப்பிரசில் மணத்துக்கு முன் சோதனைச் சான்று கட்டாயமாயிற்று. ஆயினும் தாம் சுமப்பவர் என்று அறிந்த ஜோடிகளில் பெரும்பாலோர் பிரியாமல் மணந்துகொண்டார்கள். கருவில் சோதிக்கவும் தாமே முடிவெடுக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. நோயுற்ற பிறப்புகள் அங்கே வெகுவாகக் குறைந்ததன் இரகசியம் இதுவே.

மலையகத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. போஷாக்கின்மையால் தோட்டப் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி. இரும்புச்சத்துக் குறைவிலும் செவ்வணுக்கள் சிறுக்கின்றன. தலசீமியாவைச் சுமப்பவர்களிடமும் சிறுக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய மேலும் ஒரு சோதனை வேண்டும். வெளுத்த முகத்தைக் கண்டதும் இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டால், சுமப்பவள் அறியப்படாமலே போகிறாள். வறுமை இங்கே மரபணுவையும் மறைத்துவிடுகிறது.

மேலும், பிள்ளை பெறுவது பற்றி அரசாங்கம் பேச வரும்போது தோட்ட மக்கள் சந்தேகத்தோடு நோக்குவதற்குச் சரித்திரம் உண்டு. 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964இல் அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டார்கள். 1980இலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ரொக்கம் கொடுத்தார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப் பெண்களே அதற்கு அதிகமாக ஆளானார்கள். வறுமையில் கையில் வைக்கப்பட்ட காசுக்குச் சம்மதித்ததைச் சுதந்திரமான சம்மதம் என்று எப்படிக் கொள்வது?

ஆகவே எழுத்தாளன் செய்ய வேண்டியது என்ன? ‘பெறாதே’ என்று தீர்ப்புச் சொல்வது அவன் வேலையன்று. ‘பெற்றுத் தியாகம் செய்’ என்று தாய்மையைத் துதிப்பதும் அன்று. பெறாமலிருக்க முடிவு செய்யும் பெண்ணை ஊர் மலடி என்று தூற்றும். நோய்ப்பிள்ளையைப் பெற்றவளைப் பாவி என்னும். தத்தெடுத்தவளை ஏளனம் செய்யும். இந்த மூவரும் நம் கதைகளில் நிமிர்ந்து நடக்க வேண்டும். தலசீமியாவோடு வளர்ந்து, படித்து, தானும் தாயாக விரும்பும் மகளும் வரவேண்டும். தக்க சிகிச்சை பெற்றவர்களுக்கு அது எட்டாத ஆசையன்று. அவள் வாழ்வைப் பயனற்றது என்று குறிப்பாகவேனும் உணர்த்தும் கதையை நாம் முற்போக்குக் கதையென ஒப்பமாட்டோம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது உடனடியாக ஒன்றுண்டு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு பள்ளியில், உயர்வகுப்பு மாணவர்க்கு நான்கில் ஒன்று என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதி விளக்கலாம். நிச்சயதார்த்தத்துக்குப் பின்னன்று, காதலுக்கும் முன்னரே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளச் சொல்லலாம். சோதிக்கச் செல்லும் நாளுக்குச் சம்பளம் கேட்பது சங்கங்களின் கடமை. அறிவும் கூலியும் சட்ட உரிமையும் கையில் இருக்கும்போதுதான், அந்த இரவில் அந்த இருவரும் எடுக்கும் முடிவு அவர்களுடைய முடிவாகும். அதுவரை, அவர்கள் எதை முடிவு செய்தாலும் அவர்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.