சுக்சரில் அடுக்கிய பனிக்கட்டி

1993 மே 5 அதிகாலை, கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் பாலக் பிரம்மச்சாரி இறந்தார். சந்தான் தள் இயக்கத்தின் குரு அவர். மருத்துவர் இறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்டார். சீடர்களோ உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகாமல், நகரின் வடக்கே சுக்சரில் இருந்த ஆசிரமத்துக்குக் கொண்டு போனார்கள். குரு நிர்விகல்ப சமாதி என்னும் ஆழ்ந்த தியான நிலையில் இருக்கிறார், முன்பும் ஒருமுறை 22 நாள் இப்படிக் கிடந்து எழுந்தவர், மறுபடியும் எழுவார் என்றார்கள். எட்டு வாரம் காத்திருந்தார்கள். ஜூன் 30 பின்னிரவில் பெரும் காவல்படை உள்ளே புகுந்து, எதிர்த்தவர்களை விலக்கி, உடலை எடுத்துப் போய்த் தகனம் செய்தது.

இதை மூடபக்தி என்று சொல்லிக் கடந்துவிடலாம். படித்த வங்காளிகள் பலர் அன்று அப்படித்தான் கடந்தார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த உடல் பனிக்கட்டிகளின் மேல் கிடத்தப்பட்டிருந்தது. எழுந்து வரப்போகிறவருக்குப் பனிக்கட்டி எதற்கு? வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. உளவியல் பேசும் மறுப்பு இதுதான். அதை அறியாமை என்று சொல்லக் கூடாது. ஓர் உண்மையை ஒரே மனம் ஒரே நேரத்தில் ஏற்கவும் தள்ளவும் முடியும் என்று ஃப்ராய்ட் 1927இல் எழுதினார். சுக்சர் சீடர்கள் இறப்பை அறியாதவர்கள் அல்லர். அறிந்ததைச் சொல்ல இடமில்லாதவர்கள்.

அப்படியானால் மறுப்புதான் ஒரு குழுவை வழிபாட்டுக் கும்பலாக்குகிறதா? இல்லை என்பதற்கு வங்கமே சான்று. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைபே விமான விபத்தில் சுபாஷ் சந்திர போஸ் இறந்தார் என்ற செய்தியை லட்சக்கணக்கானோர் பல பத்தாண்டுகள் ஏற்கவில்லை. அவர் தொடங்கிய ஃபார்வர்டு பிளாக் கட்சியின் தலைவர்கள் ஏற்கவில்லை. நம் பக்கத்தில் முத்துராமலிங்கத் தேவர், போஸ் உயிரோடிருக்கிறார் என்றே பேசினார். பரப்பில் இந்த மறுப்பு சுக்சரைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் இதற்குள் வாதம் நடந்தது. 1956இல் அரசு அமைத்த ஷாநவாஸ் கான் விசாரணைக் குழு இறப்பை உறுதிசெய்தபோது, அதன் உறுப்பினரும் நேதாஜியின் அண்ணனுமான சுரேஷ் சந்திர போஸ் மாற்றறிக்கை எழுதினார். பின்னர் வந்த கோஸ்லா ஆணையம் விபத்தை ஏற்றது. முகர்ஜி ஆணையம் ஏற்கவில்லை. அந்த அறிக்கையை அரசு ஏற்கவில்லை. போஸின் மகள் அனிதா, தந்தை விபத்தில்தான் இறந்தார் என்கிறார். நம்பியவரும் நம்பாதவரும் ஒரே குடும்பத்தில் இருக்க முடிந்தது. சந்தான் தளும் நேதாஜி திரும்புவார் என்று பிரசாரம் செய்த இயக்கம்தான் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுக்சரில் அப்படி வாதம் நடக்க வழியில்லை. மூச்சில்லை, நாடியில்லை என்று மருத்துவர் சொன்னால், சமாதி அப்படித்தான் இருக்கும் என்று பதில் வரும். எந்த அறிகுறியும் எதிர்ச்சான்று ஆக முடியாதபடி அந்த விளக்கம் அமைந்துவிட்டது. இதைவிடக் கொடியது இன்னொன்று. குருவின் சொல்லே இறுதிச் சொல்லாக இருந்த இயக்கத்தில், “போதும், எரித்துவிடுங்கள்” என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் அந்தப் பனிக்கட்டியின் மேல் கிடந்தார்.

உடலை எடுக்க உத்தரவிட்ட மாநில அரசுக்குத் தலைமை வகித்த மார்க்சிஸ்ட் கட்சியையும் ஒரு மதம் என்று சொல்பவர்கள் கொல்கத்தாவில் எப்போதும் உண்டு. தனி மொழி, கட்டுப்பாடு, பிழை செய்யாத கோட்பாடு: மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன் 1961இல் மனமாற்றச் சூழல்களுக்குச் சொன்ன எட்டு அடையாளங்களில் சில பொருந்தவே செய்யும். பல தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆகவே அந்த அடையாளங்கள் மட்டும் போதா. 1996இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பிரதமராவதைக் கட்சியின் மத்தியக் குழு தடுத்தது. அதை ‘வரலாற்றுப் பிழை’ என்று அவர் நேர்காணலில் வெளிப்படையாகச் சொன்னார். சொன்ன பிறகும் முதல்வராகவும் பொலிட்பீரோவிலும் நீடித்தார். 2000இல் முதல்வர் பதவியைவிட்டு விலகியதும் கட்சியின் புத்ததேவ் பட்டாச்சார்யா அந்த நாற்காலியில் அமர்ந்தார். ஆள் வேறு, பதவி வேறு என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிர்ச்சான்றும் உண்டு. 2008இல் மக்களவை சபாநாயகர் பதவியைவிட்டு விலக மறுத்த சோம்நாத் சாட்டர்ஜியைக் கட்சி வெளியேற்றியது. மாற்றுக் கருத்தைத் தாங்கும் வலிமை ஆளுக்கு ஆள் மாறியது என்பது அந்த அமைப்பின் உண்மையான குறை. ஆனாலும் அவர் சபாநாயகராகவே பதவிக்காலத்தை முடித்தார், தன் தரப்பை நூலாக எழுதினார். கட்சிக்கு வெளியே அவருக்கு ஒரு வாழ்வு இருந்தது. கடுமையான நிறுவனப் பண்பாடு என்று அதைக் குறை சொல்வேன். வழிபாட்டுக் குழு என்று சொல்ல மாட்டேன்.

சுக்சரை அப்படிச் சொல்வேன், அந்த எட்டு வாரங்களுக்காவது. ஆனால் அரசு செய்ததையும் முழுதாக ஏற்க முடியவில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக உடலை அகற்றியது சரி. அதற்கு இத்தனை வாரம் எடுத்துக்கொண்டது தவறு. தடியோடு நுழைந்ததில், மனம் மாறத் தொடங்கியிருந்த சீடர் எவராவது இருந்திருந்தால், அவர் தானாக முடிவெடுக்கும் வாய்ப்பும் போயிற்று. “நாங்கள் கைவிடவில்லை, பறித்தார்கள்” என்ற புதிய விளக்கத்துக்கு அரசே இடம் கொடுத்தது. இதேபோன்ற இன்னொரு நிகழ்வு வேறு விதமாக முடிந்தது. பஞ்சாபின் நூர்மஹலில் 2014 ஜனவரியில் இறந்ததாக மருத்துவர்கள் அறிவித்த குரு அசுதோஷ் மகராஜின் உடல் உறைபெட்டியில் வைக்கப்பட்டது. தகனம் செய்ய அதே ஆண்டு உத்தரவிட்டது உயர்நீதிமன்றம். 2017இல் மேல்முறையீட்டு அமர்வு அதை ரத்து செய்து, உடலைப் பாதுகாக்க அனுமதித்தது. இரண்டில் சுக்சர் முடிவையே நான் ஏற்பேன், ஆனால் அது மே மாதமே, பகல் வெளிச்சத்தில், மருத்துவர்களைச் சீடர்களின் கண்முன் பேசவைத்து நடந்திருக்க வேண்டும்.