மூடியைப் பிடித்திருப்பது யார்?
வேக்கம் கிளீனரில் தூசிப்பை இருக்கும் அறையைப் பூட்டுவது பெரும்பாலும் விரலகல பிளாஸ்டிக் கொக்கி ஒன்றுதான். இத்தனை மெலிந்தது எப்படித் தாங்கும் என்று தோன்றலாம். மோட்டார் ஓடும்போது மூடியைப் பிடித்திருப்பது கொக்கியல்ல, வெளிக்காற்று. குழாய் அடைபட்டு உள்ளழுத்தம் 20 கிலோபாஸ்கல் குறைந்தால், 20 செ.மீ.க்கு 25 செ.மீ. அளவுள்ள மூடியை ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. கொக்கிக்கு மிஞ்சுவது இரண்டே வேலை: இயந்திரம் நிற்கும்போது மூடி திறக்காமல் காப்பது, முதல் உறிஞ்சலில் காற்று ஒழுகாதபடி ரப்பர் விளிம்பைச் சற்றே அழுத்தி வைப்பது. அதனால்தான் அது மூடியின் ஓரத்துக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்கிறது. பை மாட்டாவிட்டால் மூடவே விடாத குட்டி நெம்புகோலையும் பல மாடல்களில் அந்த அறைக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள்; எனக்கு அதுதான் இன்னும் அழகு.

பிளாஸ்டிக் நாளடைவில் தளரும், முறியும், தண்ணீரையும் உறிஞ்சும் பட்டறை டிரம் வேக்கம் கிளீனர்களில் இருப்பதுபோல் பக்கத்துக்கொரு க்ளிப்தான் உறுதி என்பார்கள். முறிவது உண்மைதான், உதிரிபாகமாகக் கிடைக்காத கொக்கியை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் டிரம்மின் மோட்டாரும் கைப்பிடியும் மூடியிலேயே இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த தொட்டியைத் தூக்கினால் முழுச் சுமையும் க்ளிப்பில்தான் தொங்கும். கைப்பிடி உடலிலேயே அமைந்த வீட்டு இயந்திரத்துக்கு அந்தச் சுமை கிடையாது. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் க்ளிப் நாற்காலிக் காலில் மாட்டத்தான் உதவும்.