மரியாதை மறைக்கும் பால்

‘வந்தார்’ என்று மட்டும் காதில் விழுந்தால், வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்றால் உடனே தெரிந்துவிடும். தமிழில் ஒருவரின் பாலை மறைப்பது மரியாதைதான். இந்தியில் மரியாதை கொடுத்தாலும் பால் மறையாது. ஆணுக்கு ‘ஆத்தே ஹைன்’, பெண்ணுக்கு ‘ஆத்தீ ஹைன்’. அங்கே ‘நான் போகிறேன்’ என்று சொல்லும்போதே ஒரு பெண் தன்னைப் பெண் என்றும் சொல்லிவிடுகிறாள்.

ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் உள்ள உயர்சொல்லே தவிர இலக்கண நெறி ஆகாது என்றது தொல்காப்பியம். இன்று எழுத்துத் தமிழ் அந்த வழக்கை நம்பித்தான் நடக்கிறது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் ‘பேடி’ என்ற சொல்லுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே கொள்ளும் என்று விதித்ததும் அதே நூல்தான். இன்று ஒரு திருநரைப் பற்றி எழுத ‘அவர்’ போதும். எந்தப் பால் என்று யாரும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. சுவீடனில் இதற்காக ‘ஹென்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, பெரும் சர்ச்சைக்குப் பிறகு 2015இல் அகராதியில் சேர்த்தார்கள்.

ஆனால் இந்தப் பொதுமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நம் கதைகளில் முதலாளியம்மா ‘வந்தார்’, பாத்திரம் தேய்ப்பவள் ‘வந்தாள்’. பல வீடுகளில் மனைவி ‘அவரு வந்துட்டாரு’ என்கிறாள். கணவன் ‘அவ வந்துட்டா’ என்கிறான். ஒரே கூரையின் கீழ் அவன் வினையில் பால் இல்லை, அவள் வினையில் இருக்கிறது. பொதுப்பால் என்று நாம் பெருமைப்படுவது உண்மையில் அந்தஸ்து உள்ளவர்களின் சலுகை. இந்த வழக்கின் பெருங்குறை இதுவே.

‘ஆட்சியர் ஆய்வு செய்தார்’ என்றால் ஆணையே மனம் நினைக்கிறது, பெண் காணாமல் போகிறாள் என்ற குறையும் சொல்லப்படுகிறது. பிரெஞ்சு அகாதமி 2019இல் பதவிப் பெயர்களின் பெண்பால் வடிவங்களை ஏற்றதற்குப் பின்னால் இருந்த கவலையும் இதுதான். எனக்கு இது சிறிய குறையாகவே படுகிறது. பெண்கள் நிறையப் பேர் ஆட்சியரானால் மனம் தானே மாறும்.

பேச்சுத் தமிழ் வேறொரு வழி வைத்திருக்கிறது. ‘அக்கா வந்துச்சு’, ‘தம்பி சாப்பிட்டுச்சு’ என்று மனிதருக்கு அஃறிணை வினை வருவதை இலக்கண ஆசிரியர்கள் திணை வழு என்பார்கள். தெலுங்கில் மரியாதை சேராத ஒருமையில் பெண்ணுக்கும் பசுவுக்கும் ‘வச்சிந்தி’தான், ஆணுக்கு மட்டும் தனி வினை. நம் ‘வந்துச்சு’வோ அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றாகவே வருகிறது, அதில் இழிவு இல்லை, நெருக்கம் இருக்கிறது. பாலும் பார்க்காத, அந்தஸ்தும் கேட்காத வினை அது ஒன்றுதான். அறிமுகமில்லாதவரைப் பற்றி அப்படிச் சொன்னால் மட்டும் சண்டை வரும்.