பல உள்ளீட்டுக் கருவிகளும் ஜிடிகே சட்டகமும்: ஒரு திறனாய்வு

ஜிடிகே என்பது வரைகலை இடைமுகம் கொண்ட செயலிகளை உருவாக்கப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் சட்டகம் ஆகும். ஜிம்ப் என்னும் படத்தொகுப்புச் செயலிக்காக 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்ட இது, பின்னர் குனோம் பணிமேடையின் அடித்தளமாக வளர்ந்தது. ஒரே கணினியில் பல விசைப்பலகைகள், மவுஸ்கள், தொடுதிரைகள், வரைபலகைகள் இணைக்கப்படும்போது இச்சட்டகம் அவற்றை எவ்வாறு கையாளுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சுட்டும் கருவிகளை வேறுபடுத்துவதில் ஜிடிகே அடைந்த முதிர்ச்சியை விசைப்பலகைகளை வேறுபடுத்துவதில் அடையவில்லை. தமிழ் உள்ளீட்டில் இக்குறை தெளிவாக வெளிப்படுகிறது.

வளர்ச்சி

2009இல் எக்ஸ் சேவையகத்தின் 1.7 பதிப்பு, இரண்டாம் தலைமுறை உள்ளீட்டு நீட்சியுடன் வெளிவந்தது. பீட்டர் ஹட்டரர் உருவாக்கிய பல்சுட்டி முறை இதில் இடம்பெற்றதால், ஒரே திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட சுட்டுக்குறிகள் இயங்குவது சாத்தியமாயிற்று. 2011இல் வெளியான ஜிடிகே 3.0 இந்த மாதிரியை ஏற்றுக்கொண்டது. கையில் பிடிக்கும் கருவிகள் பருநிலைக் கருவிகள் எனவும், அவை சேர்ந்து இயக்கும் சுட்டுக்குறியும் விசைக் குவியமும் தருக்கநிலைக் கருவிகள் எனவும் பிரிக்கப்பட்டன. 2014இல் 3.14 பதிப்பில் சைகைகளும், 2016இல் 3.20 பதிப்பில் ஒரு பயனரின் கருவிகளைத் தொகுக்கும் 'இருக்கை' என்னும் கருத்தும் சேர்ந்தன.

நிறைகள்

வரைபலகையின் பேனா, தொடுதிரை, தொடுபலகை, மவுஸ் ஆகியவற்றிலிருந்து வரும் நிகழ்வுகளைச் செயலி தனித்தனியே அடையாளம் காண முடிகிறது. பேனாவால் வரைந்துகொண்டே விரலால் தாளை நகர்த்தும் செயலியை எழுதுவது கடினமன்று. ஒவ்வொரு விரலின் தொடுகையும் தனித் தொடராக வருவதால், இரு விரல்களின் அசைவுகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஓவியர்களுக்காகப் பிறந்த சட்டகம் என்பதற்கேற்ப, இப்பகுதி கவனத்துடன் வடிவமைக்கப்பட்டுள்ளது.

குறை: ஒரே குவியம்

விசைப்பலகையில் நிலைமை வேறு. ஒரு ஜிடிகே சாளரத்தில் ஒரு நேரத்தில் ஒரு கட்டுப்பாட்டுக்கு மட்டுமே குவியம் உண்டு. இரு விசைப்பலகைகள் இரண்டு தனிச் சுட்டுக்குறிகளுடன் இணைக்கப்பட்டிருந்தாலும், ஒரே சாளரத்தின் இரு உரைப்பெட்டிகளில் இருவர் ஒரே சமயத்தில் எழுத முடியாது. கீழ்நிலையில் இரு பயனர்களை ஏற்றுக்கொண்ட அமைப்பு, மேல்நிலையில் ஒருவரை மட்டுமே அறிகிறது.

தமிழ் உள்ளீடு என்னும் சோதனை

தூத்துக்குடி நகரின் வடபுறத்தில் உள்ள திரேஸ்புரம் நாட்டுப்படகு மீனவர்கள் வாழும் கடற்கரைக் குடியிருப்பாகும். அங்கு கரையிறங்கும் மீனை எடைபோட்டுப் பதியும் ஒரு செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருவர் விசைப்பலகையில் மீனின் பெயரைத் தமிழில் எழுதுகிறார். மற்றொருவர் கூடையில் ஒட்டிய அட்டையைப் பார்கோடு ஸ்கேனரால் படிக்கிறார். பெரும்பாலான ஸ்கேனர்கள் கணினிக்குத் தம்மை இன்னொரு விசைப்பலகையாகவே அறிமுகம் செய்துகொள்கின்றன. எனவே அட்டையில் உள்ள குறியீடு விசையழுத்தங்களாகவே வந்து சேர்கிறது.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, முன்பு அழுத்திய விசையைப் பொறுத்து அடுத்த எழுத்தை முடிவு செய்வது. ங, க என அடுத்தடுத்து அழுத்தினால் புள்ளி தானாக இடப்பட்டு 'ங்க' கிடைக்கும். ங, ஏ என அழுத்தினால் 'ஙே' கிடைக்கும். எழுதுபவர் 'சங்கரா' என எழுதத் தொடங்கி ச, ங என்னும் இரு விசைகளை அழுத்திய நொடியில் ஸ்கேனர் 'டிஎன்12' என்னும் குறியீட்டை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அனுப்புவதாகக் கொள்வோம். தமிழ்99இல் டி விசை ஏ, என் விசை ல. முடிவில் பெட்டியில் நிற்பது 'சஙேல12கரா'. மீனின் பெயரும் கெட்டது, கூடையின் எண்ணும் தொலைந்தது. அந்தக் கூடையின் எடை யார் கணக்கில் ஏறும் என்பது இப்போது எழுதுபவரின் நினைவைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இப்பிழைக்கு ஜிடிகே மட்டும் காரணமன்று. லினக்சில் தமிழ் எழுதப் பரவலாகப் பயன்படும் ஐபஸ் அமைப்பு, விசையழுத்தத்தை உள்ளீட்டு இயந்திரத்திடம் ஒப்படைக்கும்போது விசையின் மதிப்பு, விசையின் எண், துணைவிசைகளின் நிலை ஆகிய மூன்றை மட்டுமே தருகிறது. எந்தக் கருவியிலிருந்து வந்தது என்னும் செய்தி அதில் இல்லை. எழுத்துச் சேர்க்கையின் இடைநிலை கருவிக்கு ஒன்றாக இல்லாமல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக இருப்பதே சிக்கலின் வேர். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் ஆங்கில உள்ளீட்டில் இரு ஓடைகள் கலந்தாலும் எழுத்துகள் இடம் மாறுமே தவிர உருமாறுவதில்லை. தமிழில் எழுத்தே மாறிவிடுகிறது.

வேலண்டும் மாற்றுக் கருத்தும்

எக்ஸ் அமைப்பில் இயங்கும் ஜிடிகே 3 செயலி, நிகழ்வின் மூலக் கருவியைக் கேட்டறிந்து, ஸ்கேனரின் விசைகளை உள்ளீட்டு முறைக்குச் செல்லுமுன்பே பிரித்தெடுக்க முடியும். அதன் இடத்துக்கு வந்த வேலண்ட் நெறிமுறையில் இவ்வழி அடைபடுகிறது. அங்கே ஓர் இருக்கைக்கு ஒரே விசைப்பலகைதான் செயலியின் கண்ணுக்குத் தெரியும்; எத்தனை பருநிலை விசைப்பலகைகள் இருந்தாலும் அவை ஒன்றாகவே காட்டப்படும்.

இதற்கு ஆதரவான வாதமும் உண்டு. பெரும்பாலான கணினிகளை ஒருவரே பயன்படுத்துகிறார். மடிக்கணினியின் விசைப்பலகையிலிருந்து வெளி விசைப்பலகைக்கு அவர் மாறும்போது செயலி அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. செயலி அறிய வேண்டியவற்றைக் குறைப்பது பாதுகாப்புக்கும் நல்லது. இவை ஏற்கத்தக்கவையே. ஆனால் பேனாவையும் விரலையும் பிரித்தறியும் உரிமை செயலிக்கு உண்டு என்றால், மனிதர் அழுத்தும் விசையையும் இயந்திரம் அனுப்பும் விசையையும் பிரித்தறியும் உரிமை மட்டும் ஏன் இல்லை என்னும் கேள்விக்கு இவ்வாதம் விடை தரவில்லை. விசைகள் வரும் வேகத்தைக் கொண்டு ஸ்கேனரை ஊகிக்கும் செயலிகள் இருப்பதே, அச்செய்தி தேவைப்படுகிறது என்பதற்குச் சான்று.

நிரலாளர் செய்யக்கூடியவை

ஸ்கேனரைத் தொடர்நிலை இணைப்பு முறைக்கு மாற்றி, அதன் தரவைச் செயலி நேரடியாகப் படிப்பது நம்பகமான வழி. பல ஸ்கேனர்களில் இந்த மாற்று முறை உண்டு. ஸ்கேனருக்குத் தனி இருக்கை ஒதுக்குவது மற்றொரு வழி. இரண்டும் இயலாதபோது குறியீட்டில் எண்களை மட்டும் பயன்படுத்தலாம். தமிழ்99இல் எண்விசைகள் எண்களாகவே இருப்பதால் குறியீடு உருமாறாது, எனினும் அது தவறான பெட்டியில் விழுவதை இது தடுக்காது.

இவை அனைத்தும் சட்டகத்தைச் சுற்றிச் செல்லும் வழிகளே. உள்ளீட்டு முறைக்குச் செல்லும் ஒவ்வொரு விசையுடனும் கருவியின் அடையாளமும் சேர்ந்து செல்வதும், எழுத்துச் சேர்க்கையின் நிலை கருவிதோறும் தனியே வைக்கப்படுவதுமே முறையான தீர்வாகும். சேர்க்கை எழுத்துகளைக் கொண்ட மொழிகளில் எழுதுவோர் கேட்டாலன்றி இம்மாற்றம் வர வாய்ப்பில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் நிரலாளரின் திரையில் இப்பிழை இவ்வடிவில் தோன்றுவதே இல்லை.