விருந்தாளிக் குரல்: 'குருஸ் ஆஃப் பீஸ்' பற்றி ஒரு குறிப்பு

1997 ஆகஸ்ட். மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்' கேசட்டை டவுன் ஹால் ரோட்டில் வாங்கி, திருமங்கலம் பஸ்ஸில் வாக்மேனில் தேய்த்தேன். 'தாய் மண்ணே வணக்கம்' திரும்பத் திரும்ப ஓடும். 'குருஸ் ஆஃப் பீஸ்' வந்தால் மட்டும் ஃபார்வர்டு. பேட்டரி தீர்ந்தாலும் பரவாயில்லை! நுஸ்ரத் ஃபதே அலி கான் யாரென்றே தெரியாது. கணீரென்ற குரல் என்றால் எங்களுக்கு நாகூர் ஹனிபாதான்.

ஆல்பம் வந்தது ஆகஸ்ட் 12. நுஸ்ரத் லண்டனில் இறந்தது ஆகஸ்ட் 16. வயது 48. நான் ஓட்டித் தள்ளிய குரல் அதுதான் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆச்சு.

மின்னணு இசை ஆல்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு பாடகரை அழைக்கும்போது என் கேள்வி ஒன்றுதான்: விருந்தாளிக்காக வீட்டுக்காரர் தன் வீட்டில் எதையாவது நகர்த்தி வைத்தாரா?

இதில் உள்ள சிக்கலை புரோகிராமர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். மெஷின் லூப் ஒவ்வொரு சுற்றிலும் அச்சு அசலாக அதே ஒலியைத் தரும். கவ்வாலியிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறாக வரும். நம்ம ஊர் மார்கழி பஜனையை நினைத்துப் பாருங்க. அதே வரிதான், பத்தாவது சுற்றில் ஆளையே தூக்கிவிடும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு கவ்வாலி அரை மணி நேரம்கூட ஓடும். ஆல்பத்தில் கிடைப்பதோ சில நிமிஷம்.

இதை மூன்று பேர் மூன்று விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். 'மஸ்த் மஸ்த்' பாட்டை ரீமிக்ஸ் செய்த மாசிவ் அட்டாக், கனமான பேஸ் போட்டு அதன்மேல் நுஸ்ரத் குரலைத் துண்டு துண்டாக மிதக்க விட்டார்கள். கேட்க சுகம்தான், ஆனால் அங்கே குரலும் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். மைக்கேல் புரூக் 1996இல் 'நைட் சாங்'கில் வேகத்தைக் குறைத்து, கிட்டாரைப் பின்னுக்கு வைத்து, குரலுக்கு இடம் விட்டார். ரஹ்மான் செய்தது வேறு: பக்கத்தில் உட்கார்ந்து தானும் பாடினார். போட்டி போடவில்லை. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பையன் மாதிரி அடங்கிய குரல். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கிறது.

குறை எங்கே? ஆங்கில வரிகளில். அவை வந்து சமாதானத்தை நமக்கு விளக்குகின்றன. சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டில், எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கத்து ஆல்பத்தில் பாடுகிறார். இதற்கு மேல் விளக்கம் எதற்கு? அந்த இடத்தையும் நுஸ்ரத்துக்கே விட்டிருக்கலாம். விருந்தாளி சூடு பிடிக்கும்போது பாட்டு முடிந்துவிடுகிறது.

விருந்தோம்பலில் புரூக்குக்கே முதல் மார்க். ஆனால் இரண்டு பேர் சந்தித்த மாதிரி இருப்பது ரஹ்மான் பாட்டில்தான்.

இன்னொரு தடவை பதிவு செய்ய வழியே இல்லாமல் போய்விட்டது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க. ஃபார்வர்டு பண்ணாதீங்க.